737 மேக்ஸ்: ஒரு விமான மாடலையே தரையில் நிறுத்துவது ஏன், எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் லயன் ஏர் 610, 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302. இரண்டுமே போயிங் 737 மேக்ஸ் 8 ரகம், இரண்டுமே புறப்பட்ட சில நிமிடங்களில் விழுந்தவை. முதலாவதில் 189 பேரும் இரண்டாவதில் 157 பேரும் இறந்தார்கள். அந்த மாடல் அமெரிக்காவில் 20 மாதமும், சீனாவில் நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் பயணிகளை ஏற்றாமல் நின்றது. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஒரு மாடலுக்கே தடை என்றால் என்ன அர்த்தம்?

அந்த ரகத்தைச் சேர்ந்த எந்த விமானமும் பயணிகளோடு புறப்படக் கூடாது என்ற அரசு ஆணை. ஒரு விமானம் பழுதாகி ஹேங்கரில் நிற்பது தினமும் நடக்கிற காரியம். இங்கே சந்தேகம் விழுவது வடிவமைப்பின் மேல். அதனால் நேற்று டெலிவரி எடுத்த புத்தம்புது விமானமும் நிற்க வேண்டும்.

இதைவிட அடிக்கடி வருவது ஏ.டி. எனப்படும் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ். ‘இந்தப் பாகத்தை இத்தனை பறப்பு மணிக்குள் சோதிக்கவும்’, ‘இந்தத் தேதிக்குள் மாற்றவும்’ என்று அது கெடு கொடுக்கும். அதுவரை விமானம் பறக்கலாம். கெடு ‘அடுத்த பறப்புக்கு முன்’ என்று இருந்து, செய்யவேண்டிய வேலை என்ன என்பதே இன்னும் முடிவாகவில்லை என்றால், பெயர் ஏ.டி.யாக இருந்தாலும் நடைமுறையில் அது தடைதான்.

தடை போடும் அதிகாரம் யாருக்கு?

விமானத்தை வடிவமைத்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்புக்கு முதல் பொறுப்பு. போயிங்குக்கு அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ., ஏர்பஸ்ஸுக்கு ஐரோப்பாவின் இ.ஏ.எஸ்.ஏ. ஆனால் விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு தன் விமானங்களைத் தானே நிறுத்தலாம். தன் வான்வெளிக்குள் அந்த ரகம் வரக்கூடாது என்றும் சொல்லலாம். இந்தியாவில் இது டி.ஜி.சி.ஏ.வின் வேலை. விமான நிறுவனமே முந்திக்கொண்டு நிறுத்துவதும் உண்டு. 2019இல் முதலில் நிறுத்தியது எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ்தான்.

நடைமுறையில் 2019 வரை மற்ற நாடுகள் எஃப்.ஏ.ஏ. என்ன சொல்கிறது என்று காத்திருப்பதே வழக்கம். அந்த வழக்கம் அந்த மார்ச்சில் உடைந்தது.

எம்காஸ் என்பது என்ன? அது எதற்கு?

2010 டிசம்பரில் ஏர்பஸ் ஏ320நியோவை அறிவித்தது. எரிபொருள் சிக்கனத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்று போயிங் பழைய 737இன் உடலிலேயே பெரிய எஞ்சினைப் பொருத்த முடிவெடுத்தது. முந்தைய எஞ்சினின் விசிறி விட்டம் 61 அங்குலம். மேக்ஸின் லீப்-1பி எஞ்சினுக்கு 69 அங்குலத்துக்குச் சற்று மேல். 737 தரைக்கு மிக அருகில் நிற்கும் விமானம். ஆகவே எஞ்சினை இறக்கைக்கு முன்பக்கம் தள்ளி, உயர்த்தி மாட்டினார்கள். முன்சக்கரக் காலையும் 8 அங்குலம் நீட்டினார்கள்.

மூக்கு மிகவும் உயரும் நிலையில் அந்த எஞ்சின் உறையே சற்று மேல்நோக்கு விசையைக் கொடுக்கும். அப்போது விமானி இழுக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு வழக்கத்தைவிட இலேசாகிவிடும். மூக்கு ஏற ஏற இழுப்பது கடினமாக வேண்டும் என்பது சான்றிதழ் விதி. அந்தக் கனத்தைச் செயற்கையாகத் திருப்பிக் கொண்டுவர வைத்த மென்பொருள்தான் எம்காஸ். வாலில் உள்ள ஸ்டெபிலைசர் எனப்படும் கிடை இறக்கையை நகர்த்தி அது மூக்கைக் கீழே அழுத்தும். ‘எம்காஸ் இல்லாவிட்டால் மேக்ஸ் கவிழ்ந்துவிடும்’ என்று பலரும் எழுதுகிறார்கள். அது மிகை.

ஆட்டோபைலட் அணைந்திருக்க வேண்டும், ஃப்ளாப் எனப்படும் இறக்கையின் பின்பக்க மடல் உள்ளே போயிருக்க வேண்டும், காற்றோடு இறக்கையின் கோணம் மிகவும் ஏறியிருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் எம்காஸ் தானாக வேலை செய்யும். முதல் வடிவமைப்பில் ஒரு தடவைக்கு 0.6 டிகிரிதான் நகர்த்தும், அதுவும் அதிவேகத் திருப்பங்களில் மட்டும். பின்னர் குறைந்த வேகத்திலும் தேவை என்று கண்டு 2.5 டிகிரியாக உயர்த்தினார்கள். ஸ்டெபிலைசரை நகர்த்தும் டிரிம் பொத்தானை விமானி அழுத்தித் திருத்தினால் நிற்கும். ஆனால் ஐந்து விநாடி கழித்து, கோணம் இன்னும் அதிகம் என்றே சென்சார் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து 2.5 டிகிரி தள்ளும். இதற்கு எத்தனை தடவை என்ற உச்சவரம்பே கிடையாது.

ஒரே சென்சாரை நம்பி எப்படி அனுமதி கிடைத்தது?

மூக்கின் இரு பக்கமும் சிறிய துடுப்புப் போன்ற ஏ.ஓ.ஏ. சென்சார் ஒவ்வொன்று உண்டு. இறக்கை எதிர்காற்றை என்ன கோணத்தில் சந்திக்கிறது என்று அளப்பது அதன் வேலை. இரண்டு இருந்தும், ஒரு பறப்பில் எம்காஸ் ஒன்றை மட்டுமே கேட்டது. இரண்டையும் ஒப்பிடவில்லை.

பாதுகாப்பு மதிப்பீட்டில், எம்காஸ் தவறாக இயங்கினாலும் விமானி சுமார் மூன்று விநாடிக்குள் உணர்ந்து திருத்திவிடுவார் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் பாதிப்பு ‘பெரியது’ என்ற பிரிவில் அடங்கும், ‘பேரழிவு’ பிரிவில் வராது. பேரழிவு பிரிவில் வந்தால் ஒற்றைச் சென்சாருக்கு இடமே இல்லை. அந்த மதிப்பீட்டில் விட்டுப்போன ஒன்று உண்டு. சென்சார் கெட்டால் எம்காஸ் மட்டும் தவறாது. ஸ்டிக் ஷேக்கர் என்ற எச்சரிக்கைக் கருவி தண்டை அதிரவைக்கும், வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கைகள் வரும், எல்லாம் ஒரே நேரத்தில். அந்தச் சத்தத்தின் நடுவே மூன்று விநாடி என்பது காகிதக் கணக்கு.

இன்னொன்று. இரு சென்சாரும் முரண்பட்டால் காட்டவேண்டிய ‘ஏ.ஓ.ஏ. டிஸக்ரீ’ எச்சரிக்கை எல்லா மேக்ஸிலும் இருக்க வேண்டியது. மென்பொருள் பிழையால், கூடுதல் காசு கொடுத்து ஏ.ஓ.ஏ. அளவுமானியை வாங்கிய நிறுவனங்களின் விமானங்களில் மட்டுமே அது வேலை செய்தது. போயிங்குக்கு இது 2017இலேயே தெரியும்.

விமானிகளிடம் ஏன் சொல்லவில்லை?

பழைய 737 ஓட்டுபவர் சிமுலேட்டர் பயிற்சி இல்லாமல், கணினியில் சில மணி நேரப் பாடத்தோடு மேக்ஸுக்கு மாறலாம் என்பதுதான் அந்த விமானத்தின் விற்பனைப் பேச்சு. சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்று அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்துக்கு போயிங் ஒப்புக்கொண்டிருந்தது அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் 2020 அறிக்கையில் வெளியானது. எம்காஸைக் கையேட்டில் விளக்கினால் அதற்குப் பயிற்சி வேண்டுமா என்ற கேள்வி வரும். கையேட்டில் விளக்கம் வரவேயில்லை.

லயன் ஏர் விமானத்தில் என்ன பழுது?

விமானத்துக்கு வயது மூன்று மாதம்கூட ஆகவில்லை. விபத்துக்கு முன்தினம் பாலித் தீவின் டென்பசாரில் அதன் இடது ஏ.ஓ.ஏ. சென்சாரை மாற்றினார்கள். மாட்டியது அமெரிக்காவில் பழுதுபார்க்கப்பட்டு வந்த பழைய சென்சார். அளவுத்திருத்தத்தில் 21 டிகிரி பிசகு. மாட்டிய பின் செய்யவேண்டிய சோதனை முறையாக முடிந்ததற்கு நம்பத்தக்க பதிவு இல்லை என்றது இந்தோனேசிய விசாரணைக் குழு.

அன்றிரவு டென்பசாரிலிருந்து ஜகார்த்தா வந்த பறப்பிலேயே எம்காஸ் மூக்கை அழுத்தியது. அந்த விமானிக் குழு ஸ்டெபிலைசரின் மின்சார டிரிம்மை அணைத்துவிட்டு, டிரிம் சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்து இறக்கியது. காக்பிட்டில் கூடுதலாக ஒரு விமானியும் இருந்தார். ஆனால் பழுதுப் பதிவேட்டில் எழுதியது வேக, உயர முரண்பாடும் அழுத்த எச்சரிக்கையும் மட்டுமே. வழி முழுக்கத் தண்டு அதிர்ந்ததையும் டிரிம்மை அணைத்ததையும் எழுதவில்லை. படித்த மெக்கானிக்குகள் எழுதியிருந்ததற்கு ஏற்றபடி காற்றழுத்தக் குழாய் வழியைச் சுத்தம் செய்தார்கள், ஒரு மின் இணைப்பைத் துடைத்தார்கள், விமானத்தை விடுவித்தார்கள். மறுநாள் காலை எம்காஸ் 20 தடவைக்கு மேல் மூக்கை அழுத்தியது. கேப்டன் ஒவ்வொரு தடவையும் திருத்திக்கொண்டே வந்தார். கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்தபின் திருத்தம் போதவில்லை.

முதல் விபத்துக்குப் பிறகே ஏன் நிறுத்தவில்லை?

இந்த விவகாரத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். பதிலும் கசப்பானது.

விபத்து நடந்த ஒன்பதாம் நாள், 2018 நவம்பர் 7 அன்று, எஃப்.ஏ.ஏ. ஓர் அவசர ஏ.டி. வெளியிட்டது. விமானம் தானாக மூக்கை இறக்கினால் ‘ரன்அவே ஸ்டெபிலைசர்’ எனப்படும் பழைய நடைமுறையைப் பின்பற்றுங்கள் என்று கையேட்டில் சேர்க்கச் சொன்னது. அந்த ஆணையில் எம்காஸ் என்ற பெயர்கூட இல்லை. மென்பொருள் திருத்தம் சில மாதத்தில் வந்துவிடும், அதுவரை விமானிகள் சமாளிப்பார்கள் என்பது கணக்கு.

அதே ஆண்டு டிசம்பரில் எஃப்.ஏ.ஏ.வின் சொந்த ஆபத்து மதிப்பீடு இன்னொரு கணக்கைச் சொன்னது. எதையும் திருத்தாமல் விட்டால், அந்த ரக விமானங்களின் மொத்த ஆயுட்காலத்தில் 15 உயிர்ப்பலி விபத்துகள் வரை நேரலாம். இந்த எண் வெளியுலகுக்குத் தெரிந்தது ஓராண்டு கழித்து, நாடாளுமன்ற விசாரணையில். இப்படி ஓர் எண் கையில் இருக்கும்போது இடைக்காலத்தில் பறக்கவிட்டது, திருத்தம் வருவதற்குள் அடுத்தது நிகழாது என்று பந்தயம் கட்டியது போலத்தான்.

‘ஆபத்து என்று நிரூபணமாகும்வரை பறக்கலாம்’ என்பது ஒரு நிலைப்பாடு. ‘பாதுகாப்பு என்று நிரூபணமாகும்வரை பறக்கக் கூடாது’ என்பது மற்றொன்று. வழக்கமான பழுதுகளில் முதலாவதை வைத்துத்தான் உலக விமானப் போக்குவரத்து ஓடுகிறது, ஓடவும் முடியும். வடிவமைப்பே விமானியோடு மல்லுக்கட்டியது என்று கறுப்புப் பெட்டி சொன்ன பிறகும் முதல் நிலைப்பாட்டில் நின்றதுதான் தவறு.

எத்தியோப்பிய விமானிகள் சொன்னபடி டிரிம்மை அணைத்தும் ஏன் தப்பவில்லை?

தரையை விட்டு எழுந்ததும் இடது சென்சார் 74.5 டிகிரி என்று காட்டியது. வலது சென்சாரில் அந்நேரம் 15 டிகிரி சொச்சம். ஃப்ளாப்பை உள்ளிழுத்ததும் எம்காஸ் தொடங்கியது. இரண்டாம் அழுத்தலுக்குப் பின் விமானிகள் ஓரளவு திருத்தி, ஸ்டெபிலைசரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரு கட்அவுட் சுவிட்சுகளையும் அணைத்தார்கள். அதாவது நவம்பர் ஆணை சொன்னதைச் செய்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஸ்டெபிலைசர் அப்போது 2.3 யூனிட்டில் நின்றது (எண் குறையக் குறைய மூக்கு கீழே அழுந்தும்). எம்காஸ் தொடங்குமுன் இருந்தது 4.6. மின்சாரத்தை அணைக்குமுன் முழுவதும் திருத்தியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். மின்சாரம் போனபின் எஞ்சியது கைச்சக்கரம். எஞ்சின்கள் புறப்படும் விசையிலேயே, 94 சதவீதத்தில் நின்றன. வேகம் 340 நாட் என்ற உச்ச வரம்பைத் தாண்டியது. அந்த வேகத்தில் தண்டையும் இழுத்துப் பிடித்திருக்கும்போது ஸ்டெபிலைசர் மேல் காற்றின் சுமை ஏறி, கைச்சக்கரம் நகராது. கடைசியில் மின்சாரத்தை மறுபடி போட்டார்கள். எம்காஸ் மீண்டும் அழுத்தியது.

பழைய 737இல் அந்த இரு சுவிட்சுகளும் தனித்தனி வேலை செய்தன. ஒன்று தானியங்கி டிரிம்மை மட்டும் அணைக்கும், மற்றது விமானியின் பொத்தானை அணைக்கும். ஒன்றை அணைத்து மற்றதை வைத்துக்கொள்ளலாம். மேக்ஸில் எதை அணைத்தாலும் இரண்டும் போகும்படி மாற்றிவிட்டார்கள். தண்டை எதிர்த்திசையில் இழுத்தால் தானியங்கி டிரிம் நின்றுவிடும் என்ற பழைய பாதுகாப்பும் எம்காஸுக்குப் பொருந்தவில்லை.

இடது சென்சார் ஏன் கெட்டது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எத்தியோப்பிய அறிக்கை விமானத்தின் மின்வயர் குறைபாட்டைச் சுட்டியது. அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. பறவை போன்ற ஏதோ மோதியிருக்க வேண்டும் என்றது.

உலகம் எந்த வரிசையில் தடை போட்டது? இந்தியா என்ன செய்தது?

எத்தியோப்பிய விபத்தின் மறுநாள், மார்ச் 11 அன்று சீனா, பிறகு இந்தோனேசியா. 12ஆம் தேதி சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, மலேசியா, பிரிட்டன், ஐரோப்பா. அதே நாளில் எஃப்.ஏ.ஏ. தடைக்கு ஆதாரம் இல்லை என்றது. 13ஆம் தேதி கனடா, சில மணி நேரத்தில் அமெரிக்கா. செயற்கைக்கோள் பதிவுகளில் இரண்டு விபத்துகளின் ஏற்ற இறக்கப் பாதை ஒத்திருந்ததும், இடிபாட்டில் கிடைத்த ஸ்டெபிலைசர் திருகுத்தண்டு மூக்கைக் கீழே தள்ளும் நிலையில் இருந்ததும் அந்தக் கடைசி முடிவுக்குக் காரணம்.

இந்தியா இரண்டு படியாகப் போனது. 11ஆம் தேதி, கேப்டனுக்கு மேக்ஸுக்கு முந்தைய ரகமான 737 என்.ஜி.யில் 1,000 மணி நேரமும் துணை விமானிக்கு 500 மணி நேரமும் அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை. 12ஆம் தேதி இரவு முழுத் தடை. அப்போது ஸ்பைஸ்ஜெட்டிடம் 12, ஜெட் ஏர்வேஸிடம் 5 மேக்ஸ் இருந்தன. உலகெங்கும் நின்றவை 387.

நிற்கிற விமானத்தை அப்படியே விட்டுவிடலாமா?

விட்டால் கெட்டுப்போகும். எஞ்சின் வாய், வேகம் அளக்கும் பிட்டோட் குழாய், காற்றழுத்தத் துளை எல்லாவற்றையும் மூட வேண்டும், இல்லையென்றால் குளவி கூடு கட்டும். டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் இடைவெளி விட்டு உருட்ட வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியில் சேரும் நீரை வடிக்க வேண்டும், நீர் நின்றால் பாசி போன்ற நுண்ணுயிர் வளரும். பேட்டரியைக் கவனிக்க வேண்டும். எஞ்சினை அவ்வப்போது ஓட்டவேண்டும், அல்லது ஈரம் உறிஞ்சும் பைகளை வைத்து மூடி வைக்க வேண்டும். போயிங் வாடிக்கையாளருக்குக் கொடுக்காமல் வைத்திருந்த பல விமானங்களின் எரிபொருள் தொட்டிக்குள் கந்தலும் கழிவுப்பொருளும் கிடந்தது 2020 பிப்ரவரியில் தெரியவந்தது. இடம் போதாமல் ஊழியர்களின் கார் நிறுத்துமிடத்திலும் விமானங்கள் நின்றன.

இடம் மாற்ற மட்டும் பயணிகளின்றிப் பறக்கச் சில நாடுகள் சிறப்பு அனுமதி கொடுத்தன. ஃப்ளாப் நீட்டியிருந்தால் எம்காஸ் வேலை செய்யாது. ஆகவே ஃப்ளாப்பை முதல் நிலையில் நீட்டியபடியே பறந்தார்கள். அப்படிப் பறந்தால் 20,000 அடிக்கு மேல் ஏற முடியாது, எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும்.

தடை நீங்க என்னென்ன மாற்றினார்கள்?

2020 நவம்பர் 18 அன்று எஃப்.ஏ.ஏ. தடையை நீக்கியது, பட்டியலோடு. முதலாவது, கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குப் புதிய மென்பொருள். எம்காஸ் இப்போது இரு சென்சாரையும் ஒப்பிடும். வித்தியாசம் 5.5 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பறப்பு முடியும்வரை விலகிவிடும். கோணம் ஏறும் ஒரு நிகழ்வுக்கு ஒரே ஒரு தடவைதான் அழுத்தும். விமானி தண்டை இழுத்தே சமாளிக்க முடியாத அளவுக்கு ஒருபோதும் அழுத்தாது.

தாமதத்துக்கு எம்காஸ் மட்டும் காரணமல்ல. 2019 ஜூனில் சிமுலேட்டர் சோதனையின்போது, கணினிச் சில்லு ஒன்று கெட்டாலும் ஸ்டெபிலைசர் தானாக ஓடலாம், விமானி அதை மீட்க நேரம் பிடிக்கும் என்று கண்டார்கள். பழைய முறையில் இரு கட்டுப்பாட்டுக் கணினிகளில் ஒன்றுதான் ஒரு பறப்பில் வேலை செய்யும். அதை மாற்றி இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும்படி செய்தார்கள். ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றும் வேலை அது, சில வாரத்தில் முடியாது.

மற்றவை: ‘டிஸக்ரீ’ எச்சரிக்கை எல்லா விமானத்திலும் இயங்கும்படி திரை மென்பொருள், ஸ்டெபிலைசருக்குப் போகும் வயர்க் கட்டுகளைப் பிரித்தமைத்தல், கையேட்டுத் திருத்தம், ஏ.ஓ.ஏ. சென்சார்களுக்கு அளவுத்திருத்தச் சோதனை, கடைசியாகப் பயணிகளின்றி ஒரு சோதனைப் பறப்பு. இவை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே முடிந்தால்தான் அது திரும்பப் பறக்கலாம்.

விமானிகளுக்கு இப்போது என்ன சொல்லித் தருகிறார்கள்?

சிமுலேட்டர் கட்டாயம். எம்காஸ் இயங்குவது, சென்சார் தவறாகக் காட்டுவது, வேகமானி நம்பமுடியாமல் போவது, கைச்சக்கரத்தால் டிரிம் செய்வது எல்லாம் அதில் உண்டு.

ரன்அவே ஸ்டெபிலைசர் நடைமுறை ஏறத்தாழ இப்படிப் போகும்: தண்டை இறுகப் பிடி. ஆட்டோபைலட்டையும் எஞ்சின் விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோத்ராட்டிலையும் துண்டி. தண்டாலும் எஞ்சின் விசையாலும் மூக்கையும் வேகத்தையும் கட்டுப்படுத்து. மின்சார டிரிம்மால் தண்டின் பாரத்தைக் குறை. அப்படியும் ஓட்டம் நிற்காவிட்டால் இரு சுவிட்சையும் அணை. அதற்கும் நிற்காவிட்டால் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்து. பிறகு கைச்சக்கரத்தால் டிரிம் செய். சக்கரம் கனமாக இருந்தால் வேகத்தைக் குறை, இரு விமானிகளும் சேர்ந்து சுழற்றலாம். ‘அணைக்குமுன் பாரத்தைக் குறை’ என்பதும் ‘வேகத்தைக் கவனி’ என்பதும் எவ்வளவு விலை கொடுத்து அழுத்தம் பெற்ற வரிகள் என்பது மேலே படித்தவர்களுக்குப் புரியும்.

பயிற்சிச் சாதனமே சரியில்லாவிட்டால் இதெல்லாம் வீண். 2022 ஏப்ரலில் ஸ்பைஸ்ஜெட்டின் 90 விமானிகளை மேக்ஸ் ஓட்டக் கூடாது என்று டி.ஜி.சி.ஏ. நிறுத்தி, மறுபயிற்சி எடுக்கச் சொன்னது.

நாட்டுக்கு நாடு தேதி ஏன் வேறுபட்டது?

இந்த முறை யாரும் எஃப்.ஏ.ஏ. கையெழுத்தை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளவில்லை. பிரேசிலில் 2020 டிசம்பரிலேயே பயணிகளோடு பறந்தது. கனடாவும் ஐரோப்பாவும் 2021 ஜனவரியில் அனுமதித்தன. சென்சார் பொய் சொல்லித் தண்டு ஓயாமல் அதிர்ந்தால், அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து அதிர்வை நிறுத்த விமானிக்கு அவை அனுமதி கொடுத்தன. நல்ல முடிவு. பொய் எச்சரிக்கையோடு ஒன்றரை மணி நேரம் ஓட்டவேண்டிய நிலையை யாரும் விரும்ப மாட்டார்கள். இந்தியா 2021 ஆகஸ்ட், இந்தோனேசியா அதே ஆண்டு டிசம்பர், எத்தியோப்பியன் 2022 பிப்ரவரி, சீனா 2023 ஜனவரி.

இதற்கு முன் எந்த மாடல்களுக்குத் தடை வந்தது?

காமெட், 1954. இரண்டு விமானங்கள் நடுவானில் சிதறியபின் பிரிட்டன் சான்றிதழைத் திரும்பப் பெற்றது. ஒரு விமான உடலை ஃபார்ன்பரோவில் நீர்த்தொட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, உலோகக் களைப்பால் 3,057ஆவது சுற்றில் கிழிந்தது.

டி.சி.-10, 1979. சிகாகோவில் எஞ்சினே கழன்று விழுந்து 273 பேர் இறந்த விபத்து. ஐந்து வாரம் தடை நீடித்தது. விசாரணையில் தெரிந்தது, நேரத்தை மிச்சம் பிடிக்க எஞ்சினையும் அதைத் தாங்கும் பைலனையும் ஒன்றாகவே ஃபோர்க்லிஃப்டில் ஏற்றிக் கழற்றிய பராமரிப்பு முறை பைலனில் விரிசலை உண்டாக்கியிருந்தது.

இந்தியாவிலும் ஒன்று உண்டு. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 ஓடுபாதைக்கு முன்பே இறங்கி 92 பேர் இறந்தார்கள். அரசு அந்த ரகம் முழுவதையும் நிறுத்தியது. மற்ற நாடுகள் ஏ320ஐத் தொடர்ந்து பறக்கவிட்டன. விசாரணையில் வந்தது, எஞ்சின் விசை குறைந்த நிலையிலேயே இறங்கியதும் விமானிகள் அதைத் தாமதமாக உணர்ந்ததும். தடை எல்லா நேரமும் வடிவமைப்புக் கோளாறைத்தான் காட்டும் என்று எண்ண வேண்டாம்.

மூலகாரணம் தெரியாமலே தடையை நீக்குவார்களா?

நீக்கியிருக்கிறார்கள். 2013 ஜனவரியில் போயிங் 787இன் லித்தியம் பேட்டரிகள் இரண்டு சம்பவங்களில் புகைந்தன. உலகெங்கும் 50 விமானங்கள் நின்றன, ஏர் இந்தியாவின் ஆறும் அதில் அடக்கம். பேட்டரிக்குள் ஷார்ட் ஆனதற்கு என்ன தூண்டுதல் என்பது உறுதியாகவில்லை. செல்களுக்கு நடுவே கூடுதல் தடுப்பு, பேட்டரியைச் சுற்றி எஃகுப் பெட்டி, புகை வெளியே போகக் குழாய் என்று, எரிந்தாலும் பரவாதபடி செய்து ஏப்ரலில் பறக்கவிட்டார்கள்.

அகமதாபாத் விபத்துக்குப் பிறகு 787ஐ ஏன் நிறுத்தவில்லை?

2025 ஜூன் 12 அன்று ஏர் இந்தியா 171 விழுந்ததும் டி.ஜி.சி.ஏ. ஏர் இந்தியாவின் 787களைக் கூடுதலாகச் சோதிக்கச் சொன்னது, தடை போடவில்லை. 2011இலிருந்து ஓடும் ரகத்தில் அதுவே முதல் உயிர்ப்பலி விபத்து. அதே மாதிரி இன்னொன்று நிகழ்ந்ததற்கான அடையாளம் இல்லை. ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை, புறப்பட்டதும் இரு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ‘ரன்’ நிலையிலிருந்து ‘கட்ஆஃப்’ நிலைக்குப் போனதைப் பதிவு செய்தது. விமானத் தயாரிப்பாளருக்கோ எஞ்சின் தயாரிப்பாளருக்கோ அப்போதைக்கு எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை.

2024இல் மேக்ஸ் 9ஐ நிறுத்தியது வேறு விஷயமா?

ஆம், எம்காஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜனவரி 5 அன்று போர்ட்லாந்தில் புறப்பட்ட அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில், பயன்படாத கதவிடத்தை மூடிய பலகை பறந்துபோனது. அதைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளும் தொழிற்சாலையில் திரும்பப் பூட்டப்படவேயில்லை. யாரும் இறக்கவில்லை. எஃப்.ஏ.ஏ. மறுநாளே 171 விமானங்களை நிறுத்தியது. 2018இல் காட்டிய பொறுமையை இம்முறை காட்டவில்லை. இந்தியாவில் மேக்ஸ் 9 கிடையாது, ஆனாலும் இங்கிருந்த மேக்ஸ் 8களின் அவசரக் கதவுகளை ஒருமுறை சோதிக்கச் சொன்னது டி.ஜி.சி.ஏ.

நான் ஏறப்போவது மேக்ஸ்தானா என்று எப்படித் தெரியும்?

முன்பதிவில் ‘மேக்ஸ்’ என்றே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘737-8’ என்றால் மேக்ஸ் 8. ‘737-800’ என்றால் பழைய ரகம். இந்த இரண்டையும் குழப்புவோர்தான் அதிகம். விமான நிலையத்தில் பார்த்தால், மேக்ஸ் எஞ்சின் உறையின் பின் விளிம்பு ரம்பப் பல் போல வெட்டியிருக்கும், பழைய 737இல் நேராக இருக்கும். இறக்கை நுனி மேலும் கீழுமாகப் பிரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், சில பழைய 737களிலும் அப்படி மாட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் ஆகாசா ஏரின் விமானங்கள் எல்லாமே மேக்ஸ். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் மேக்ஸும் மற்ற ரகங்களும் கலந்து இருக்கின்றன. கடைசி நேரத்தில் விமானம் மாறவும் கூடும்.

திடீர்த் தடையால் என் விமானம் ரத்தானால் பணம் கிடைக்குமா?

டி.ஜி.சி.ஏ. விதிப்படி, மாற்று விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த பயணத்துக்கான வரவாக ‘கிரெடிட் ஷெல்’லில் வைத்துக்கொள்கிறோம் என்று நிறுவனம் தானாக முடிவு செய்ய முடியாது. இழப்பீடு வேறு விஷயம். சாதாரணமாகத் தாமதமாக அறிவித்து ரத்து செய்தால், பறப்பு நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இந்த இழப்பீடு கிடையாது. அரசே தடை போட்டால் நிறுவனம் அந்த விலக்கைத்தான் காட்டும். டிக்கெட் பணத்தை அதைக் காட்டி மறுக்க முடியாது. முகவர் மூலம் எடுத்திருந்தால், நிறுவனம் ரத்து செய்த குறுஞ்செய்தியைச் சேமித்து வைத்து, முகவரிடமும் நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். விமானம் ரத்தாவதற்குள் நீங்களே பயந்து ரத்து செய்துவிட்டால் அது உங்கள் ரத்து, வழக்கமான பிடித்தம் போகும். ஆகவே தடைச் செய்தி வந்தால் அவசரப்பட்டு ரத்துப் பொத்தானை அழுத்தாமல், நிறுவனத்தின் அறிவிப்பு வரும்வரை பொறுத்திருங்கள்.